சிங்கப்பூருக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? வாரச் சமையலை இப்படி அமையுங்கள்

ஊரில் இருந்தவரை வாரச் சமையலுக்கென்று பெரும்பாலான வீடுகளில் யாரும் திட்டம் போட்டதில்லை. காலையில் கீரைக்கார அம்மா குரல் கொடுப்பார், மீன்காரர் வண்டியில் வருவார், முனையில் மாவு அரைக்க ஒரு கடை இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்படியின் கணக்கை மனத்திலேயே வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பார். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் பன்னிரண்டாவது மாடிக்கு யாரும் கீரை சுமந்து வரப்போவதில்லை. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு என்றால், மாலை ஏழரைக்குக் கதவைத் திறக்கும்போதுதான் "இன்றைக்கு என்ன சமையல்?" என்ற கேள்வியே எழும். அந்த நேரத்தில் எழுந்தால் சாப்பாடு கைபேசிச் செயலி வழியாகத்தான் வரும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தாளை எடுத்து 7 நாள், 3 வேளை என்று 21 கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பலகாரத்தின் பெயரை எழுதுகிறார்கள். அது புதன்கிழமையைத் தாண்டாது. காய் என்றைக்கு வாங்கியது, யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார்கள் என்ற விவரம் எதுவும் அந்தக் கட்டங்களில் இல்லையே. நான் சொல்வது வேறு வழி. சந்தைக்குப் போகும் நாளை முதலில் முடிவு செய்யுங்கள். வாங்கியதில் எது முதலில் வாடுமோ, அதை முதலில் சமையுங்கள். பட்டியல் பாதி தானாகவே அமைந்துவிடும்.

முதல் வேலை: அடுப்படியைப் பாருங்கள்

வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் சமையல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துப் போடும் முன்பே படியுங்கள். தனி அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு "லேசான சமையல் மட்டும்" என்ற நிபந்தனை இங்கே சகஜம். அதன் பொருள் என்ன என்று உரிமையாளரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். சிலருக்கு அது நூடல்ஸ் கொதிக்கவைப்பது. சிலர் தாளிப்பு வரை பொறுத்துக்கொள்வார்கள். மீன் வறுக்க முடியுமா என்பதைத் தனியாகக் கேட்பது நல்லது.

அக்கம்பக்கத்து வாசனைப் பிரச்சினைக்கு இந்த ஊரில் ஒரு சரித்திரமே உண்டு. இந்தியக் குடும்பம் ஒன்று சமைக்கும் கறியின் மணம் தாங்கவில்லை என்று சீனாவிலிருந்து வந்து குடியேறிய அண்டை வீட்டார் முறையிட்டு, விவகாரம் சமரசப் பேச்சுவரை போனது. அந்தச் செய்தி 2011இல் பரவியபோது, சிங்கப்பூரர்கள் ஆகஸ்ட் 21ஆம் தேதி எல்லாரும் கறி சமைத்துப் பகிர்ந்துகொள்வோம் என்று ஒரு நாளையே குறித்துவிட்டார்கள். அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைப்பதும், மிளகாய் வறுக்கும்போது படுக்கையறைக் கதவைச் சாத்துவதும் நல்ல பழக்கம்.

ஊரிலிருந்து மிக்சி, கிரைண்டர் கொண்டு வந்திருந்தால் மின்னழுத்தத்தில் சிக்கல் இல்லை. இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் பிளக் வேறு, தட்டையான மூன்று முள் கொண்டது. அதற்கேற்ற தரமான அடாப்டர் வேண்டும். பிறகு குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டைத் திறந்து பாருங்கள். ஒரு கோழி, இரண்டு டப்பா தேங்காய்ப்பூ, ஒரு பொட்டலம் மீன் இவ்வளவும் கொள்ளுமா? கொள்ளாது என்றால் வாரம் ஒருமுறை சந்தை என்ற திட்டம் உங்களுக்கு ஒத்துவராது. நடுவில் ஒரு சின்னக் கொள்முதல் தேவைப்படும்.

இரண்டாவது: மாலைகளை எண்ணுங்கள்

வீட்டில் எல்லாரும் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும் நாட்கள் எவை? யாருக்கு எந்த நாள் வேலை இழுக்கும்? பிள்ளைக்கு என்றைக்குத் துணைப்பாட வகுப்பு? நாட்காட்டியில் குறித்துப் பார்த்தால், உண்மையில் அடுப்பு முழுதாக எரியும் மாலைகள் நான்கோ ஐந்தோதான் தேறும். அவற்றுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். ஒரு மாலை மீந்ததைச் சாப்பிட, ஒரு மாலை வெளியே. அதைத் தோல்வி என்று நினைக்காமல் முதலிலேயே திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது: சந்தை நாள்

பெரும்பாலான குடும்பங்களுக்குச் சனிக்கிழமை காலைதான் தோது. மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச்சந்தைகள் அதிகாலையிலேயே திறந்து மதியத்துக்குள் ஓய்ந்துவிடும். எட்டு மணிக்குள் போனால் நல்ல மீன் கிடைக்கும். திங்கட்கிழமை பல சந்தைகளில் மீன் கடைகள் விடுமுறை. இது தெரியாமல் திங்களன்று விடுப்பு எடுத்துக்கொண்டு பையோடு கிளம்புகிறவர்கள் உண்டு. அதுபோக, உணவங்காடி நிலையங்களும் (பல உணவுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடங்கள்) அவற்றை ஒட்டிய சந்தைகளும் சில மாதங்களுக்கு ஒருமுறை துப்புரவுப் பணிக்காக மூடப்படும். தேதிகளைத் தேசிய சுற்றுப்புற வாரியம் இணையத்தில் முன்கூட்டியே வெளியிடுகிறது.

தேக்கா நிலையத்துக்கு ஒருமுறையாவது போய்விடுங்கள். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். கீழ்த்தளத்தில் ஒருபக்கம் சந்தை, இன்னொரு பக்கம் உணவுக் கடைகள். முருங்கைக்காய், வாழைப்பூ, சின்ன வெங்காயம், சேனை, கட்டுக்கட்டாகக் கறிவேப்பிலை, வெட்டித் தரும் ஆட்டுக்கறி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். பக்கத்து பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகளிலும் அப்படியே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், குறிப்பாகக் குழந்தை வண்டியோடு, அந்தப் பக்கம் போகாதீர்கள். வெளிநாட்டு ஊழியர்கள் வார விடுமுறையில் நண்பர்களைச் சந்திக்கும் நேரம் அது. நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. தீபாவளிக்கு முந்திய வாரங்களும் அப்படித்தான். அந்தப் பகுதியில் முஸ்தபா கடை இரவு வெகுநேரம் வரை திறந்திருப்பதால், பருப்பு, புளி, அரிசி போன்ற கெடாத சாமான்களை மாதம் ஒருமுறை வாரநாள் இரவில் அங்கே வாங்கிவிடலாம்.

ஒவ்வொரு வாரமும் தேக்காவுக்கு ஓட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஜூரோங்கிலோ ஈசூனிலோ இருக்கிறவர் அதற்காகச் சனிக்கிழமையில் பாதியைச் செலவழிப்பது வீண். உங்கள் வட்டாரத்து ஈரச்சந்தையே போதும், அங்கே மீன் விற்கும் சீன அங்கிளோடு பழகிக்கொண்டால் அதுவே பெரிய வசதி. "கறிக்கா, ஸ்டீமுக்கா?" என்று அவரே கேட்டு அதற்கேற்ற கனத்தில் துண்டு போட்டுத் தருவார். மீன் பெயர்கள் பெரும்பாலும் மலாயில் இருக்கும், பழகிவிடும். தெங்கிரி என்றால் வஞ்சிரம். பாவால் நம் வவ்வால். கெம்போங் கானாங்கெளுத்தி, விலை மலிவு, குழம்புக்கு அருமை. சியாக்காப் கொடுவா, குராவ் காலா மீன், ஈக்கான் மேரா என்றால் சங்கரா வகை. மீன்தலைக் கறிக்கு அதன் தலையைத்தான் தேடுவார்கள். ஈக்கான் பிலிஸ் காய்ந்த நெத்திலி. ஒரு பொட்டலம் எப்போதும் வீட்டில் இருக்கட்டும், ஒன்றுமில்லாத நாளில் வெங்காயம், மிளகாயோடு வறுத்தால் சோறு இறங்கிவிடும். வயதான கடைக்காரர்கள் சிலர் இன்னும் காட்டிக் கணக்கில் பேசுவார்கள். ஒரு காட்டி ஏறத்தாழ 600 கிராம்.

அதே சந்தையில் துருவிய தேங்காய் கிடைக்கும். இரண்டு நாளுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மீதியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக உறையவைத்துவிடுங்கள். கீரையில் நம் ஊர்ப் பெயர்களையே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பாயம் என்று விற்பது நம் தண்டுக்கீரை இனம்தான். கூட்டு, மசியல் எல்லாம் வரும். கங்கோங் கீரையைப் பூண்டும் வரமிளகாயும் போட்டு வதக்குங்கள். சாய் சிம் என்ற சீனக் கீரையின் பொரியலுக்குப் பாசிப்பருப்பும் தேங்காயும் அழகாகப் பொருந்தும், பிள்ளைகளுக்கும் பிடிக்கிறது.

பேரங்காடிகளில் ஃபேர்பிரைஸ், ஷெங் சியோங் இரண்டும் ஏறக்குறைய எல்லா வட்டாரங்களிலும் உண்டு. சில கிளைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை முதல் ஒரு பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகிறார்கள், பையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் ஆர்டர் செய்து வீட்டுக்கே வரவழைப்பது அரிசி, எண்ணெய், பால் போன்ற கனமான சாமான்களுக்குச் சரி. முருங்கைக்காயை மட்டும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்.

நான்காவது: வாடும் வரிசையில் சமையல்

சனிக்கிழமை வாங்கிய மீனை அன்றே சமையுங்கள், மதியமோ இரவோ குழம்பாக. ஞாயிறு மதியம் கோழி அல்லது ஆட்டுக்கறி, கூடவே அன்றைக்கே ஒரு கீரை. எல்லாரும் வீட்டில் இருப்பதால் நிதானமாகச் சமைக்கிற வேளை வாரத்தில் இது ஒன்றுதான். திங்கள் இரவு இரண்டாவது கட்டுக் கீரையும் ரசமும். கீரையைச் சனியன்றே ஆய்ந்து, ஈரமில்லாமல் துணியில் சுற்றி டப்பாவில் வைத்திருந்தால் அதுவரை தாங்கும், அதற்குமேல் நம்பாதீர்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் வெண்டை, கத்தரி, பீன்ஸ் போன்ற நடுத்தரக் காய்களுக்கு. ஒருநாள் சாம்பாரும் பொரியலும், ஒருநாள் புளிக்குழம்பு. வியாழனன்று முட்டைக்கோஸ், கேரட், பூசணி, உருளை என்று எதற்கும் அசையாத காய்கள். சப்பாத்தியும் குருமாவும் வைக்கலாம்.

வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி காலியாகிவிடும். நம்மில் பலர் வீட்டில் அன்று சைவம் என்பதால் அதுவும் கணக்குக்குப் பொருந்துகிறது: வத்தக்குழம்பு, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். காயே வேண்டாம். புரட்டாசியில் மாதம் முழுக்க அசைவம் விடுகிற வீடுகள் சனி மீனின் இடத்தில் கொண்டைக்கடலை, பனீர், டோஃபு என்று மாற்றிக்கொள்ளலாம். நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் இந்த வரிசை முழுதும் தலைகீழாகும். விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்கு என்ன என்பதை முந்திய மாலையே முடிவு செய்துவிட்டால், நோன்பு திறக்கும் இப்தாருக்குப் பள்ளிவாசலில் கிடைக்கும் நோன்புக் கஞ்சி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

தட்டில் எவ்வளவு எது என்று தடுமாறினால், சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் அளவு எளிது: பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு புரதம். நம் வழக்கமான தட்டில் சோறே பாதியை எடுத்துக்கொள்ளும் என்பதை ஒருமுறை பார்த்தாலே புரியும். பொரியலை இரட்டிப்பாக்கினால் போதும், சோற்றோடு சண்டை போட வேண்டியதில்லை.

மாவு: வாரத்தின் அச்சு

மாவு இருந்தால் வாரம் ஓடும். ஞாயிறு காலையில் ஊறப்போட்டு மதியத்துக்கு மேல் அரைப்பது என் சிபாரிசு. நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்ற ஊர்க் கணக்கே இங்கேயும் செல்லும், நேரம்தான் மாறும். இங்கே ஆண்டு முழுதும் ஒரே வெக்கை. ஊரில் மார்கழியில் 12 மணி நேரம் வைத்த பழக்கத்தில் இரவு முழுக்க வெளியே விட்டால் காலையில் மாவு பாத்திரத்தை விட்டு வெளியே நிற்கும், புளிப்பும் ஏறிவிடும். மூன்று மணிக்கு அரைத்தால் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது. படுக்கப்போகும் முன் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிடுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

காலைப் பலகாரத்துக்குத் திங்கள், செவ்வாய் இட்லி. புதன் தோசை. வியாழன் வெங்காய ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். புளிப்பை மறைக்க அதைவிட நல்ல வழி இல்லை. வெள்ளிக்கு ரவை உப்புமா, அவல், பிரெட் என்று ஏதோ ஒன்று. அரைக்க நேரமில்லாத வாரத்தில் பொட்டல மாவை வாங்குங்கள், பேரங்காடியிலேயே கிடைக்கிறது. மாவு வீட்டில் அரைத்ததா என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. மாமியார் கேட்கலாம், அவர் வரும் வாரம் அரைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளும் மதிய வேளையும்

தொடக்கப்பள்ளிப் பிள்ளை என்றால் காலை ஆறரைக்கெல்லாம் பள்ளிப் பேருந்து வந்துவிடலாம். அந்த நேரத்தில் நான்கு இட்லி இறங்காது. பாலும் ஒரு வாழைப்பழமும் கொடுத்து அனுப்பி, இடைவேளை டப்பாவில் நல்ல தீனி வையுங்கள். இடைவேளை கொஞ்ச நேரம்தான். கையால் எடுத்து உடனே சாப்பிட முடிகிற சப்பாத்திச் சுருள், குட்டி இட்லி, எலுமிச்சைச் சாதம் இவைதான் திரும்பி வராமல் காலியாகின்றன. பள்ளி உணவகத்தில் வாரம் இரண்டு நாள் வாங்கிச் சாப்பிட விடுங்கள். நண்பர்களோடு வரிசையில் நிற்பதும் ஒரு படிப்புதான். பள்ளி முடிந்து பிள்ளை மதியம் இரண்டு மணிவாக்கில் கொலைப்பசியோடு திரும்பும். முந்திய இரவின் குழம்பில் ஒரு கிண்ணம் அதற்கென்று எடுத்துவைத்திருக்க வேண்டும். இரவுக் குழம்பை ஒன்றரை மடங்காகச் செய்தால் பெரியவர்களின் அலுவலக மதியச் சாப்பாடும் முடிந்தது. (அலுவலக மைக்ரோவேவில் கருவாட்டைச் சூடாக்குவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை.)

மீந்ததைக் கையாள்வதில் மட்டும் கறாராக இருங்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை. சிங்கப்பூர் அடுப்படி நாள் முழுக்க அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. சமைத்த சோறும் குழம்பும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். மறுநாள் எடுத்தால் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்குங்கள். இறால் ஓடு, மீன் குடல் போன்றவற்றைப் பையில் கட்டி உறைநிலைத் தட்டில் வைத்து, குப்பைக் குழாயில் போடும் நேரத்தில் மட்டும் வெளியே எடுத்தால் வீடு நாறாது.

பணிப்பெண் சமைக்கிற வீடுகளுக்கு ஒரு சொல். இந்தோனீசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவருக்கு "கொஞ்சம் புளி" என்றால் எவ்வளவு என்று தெரியாது. கரண்டிக் கணக்கில் எழுதிக் கொடுங்கள். மூன்று வேளையும் சாம்பாரே சாப்பிட அவருக்கு மனம் வராது. அவருக்குப் பிடித்த காய், நூடல்ஸ், சம்பல் (மிளகாய் விழுது) போன்றவற்றையும் வாரப் பட்டியலிலேயே சேருங்கள்.

வெளியே சாப்பிடும் நாள்

உணவங்காடி நிலையத்திலும், சாப்பாடும் விற்கும் வட்டாரக் காப்பிக்கடையிலும் விலைப்பலகையில் உள்ளதுதான் விலை. குளிரூட்டிய உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் சேரும். நான்கு பேர் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. உணவங்காடி நிலையத்திலும் காப்பிக்கடையிலும் சாப்பிட்டபின் தட்டைத் திருப்பி வைப்பது இங்கே சட்டம், மறந்துவிடாதீர்கள். சைவர்கள் "வெஜிடேரியன்" என்று எழுதிய சீனக் கடைகளையும் முயன்று பார்க்கலாம். பார்க்கக் கோழி, மீன் போலவே இருக்கும், ஆனால் சோயா, கோதுமைப் புரதம் போன்றவற்றில் செய்தது. பூண்டு, வெங்காயம்கூடப் பல கடைகளில் கிடையாது. கட்டி வாங்கிப்போக "தபாவ்" என்று சொன்னால் போதும்.

கையிருப்பு

ஊருக்குப் போய்வரும்போது பெட்டி நிறையச் சாமான் கொண்டுவருவது நம் வழக்கம். பொடி, அப்பளம், வடகம் எல்லாம் சொந்த உபயோக அளவில் பெரும்பாலும் பிரச்சினையில்லை. இறைச்சி கூடாது, இந்தியாவிலிருந்து அதற்கு அனுமதி இல்லை. கசகசாவைத் தொடவே தொடாதீர்கள். அபின் செடியின் விதை என்பதால் அது சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தோடு விளையாட இது ஊரல்ல. அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே குருமாவுக்கு முந்திரியும் பொட்டுக்கடலையும் சேர்த்து அரைத்தால் அந்தக் கெட்டித்தன்மை வந்துவிடும்.

உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது பச்சைக் கோழி அரிதாகி உறைகோழிக்கு மாற வேண்டியிருந்தது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டபோது நம்மவர்களிடையே பரபரப்பு. அதற்காக மூட்டை மூட்டையாகப் பதுக்க வேண்டாம். இந்த ஈரக்காற்றில் அரிசிக்கு வண்டு வந்துவிடும். பிரிக்காத ஒரு 5 கிலோ பை கூடுதலாக இருந்தால் போதும். ரவையையும் பருப்புப் பொடியையும் காற்றுப் புகாத டப்பாவில், முடிந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

ஆண்டில் ஒருமுறை இந்தத் திட்டம் முழுதும் மாறும்: ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும் சீனப் புத்தாண்டு. அதற்கு முந்திய வாரம் மீனும் இறாலும் விலையேறும். பண்டிகை தொடங்கியதும் வட்டாரச் சந்தைக் கடைகள் பல நாட்கள் மூடிக்கிடக்கும், நீங்கள் வழக்கமாகப் போகும் காப்பிக்கடையும் அப்படியே. அந்த வாரத்துக்கு இரண்டு வாரம் முன்பே உறைமீன், முட்டை, பூசணி, உருளை, கொண்டைக்கடலை இவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் தீர்ந்துபோனால் தேக்கா பக்கம் நம் கடைகளில் கிடைக்கும்.